கல்யாண ஜவுளி எடுக்கப் போறோம், யார் வயித்துலயும் அடிக்காத துணியா எப்படிப் பாத்து எடுக்குறது?

மாயவரம்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம், ஜவுளி எடுக்குற பொறுப்பை அப்பா என்கிட்ட குடுத்துட்டாங்க. முகூர்த்தப் புடவை, ரிசப்ஷனுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, அப்புறம் அத்தை, சித்தி, மாமா, பெரியப்பா வீடுன்னு சொந்தத்துல ஒரு நாப்பது பேருக்கு எடுத்துக் குடுக்கணும். கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டு செலவுதான், ஆனா அதையும் எங்களையே பாத்து எடுக்கச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல வழக்கமா வேன் வச்சுக் கும்பகோணம் போயி ஒரே கடையில, ஒரே நாள்ல எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்துருவாங்க, இந்த தடவையும் அப்படித்தான் பேச்சு ஓடுது.

எனக்குத்தான் மனசு ஒப்பல. காலேஜ் ப்ராஜெக்டுக்காக துணி எங்கேருந்து எப்படி வருதுன்னு படிச்சேன், பங்களாதேஷ்ல 2013 ஏப்ரல் 24ஆம் தேதி ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்திருக்காங்க, பெரும்பாலானவங்க வெளிநாட்டுக் கடைகளுக்கு சட்டை பேன்ட் தச்சவங்க, முந்தின நாளே சுவத்துல விரிசல் விட்டதைப் பாத்தும் வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுலேருந்து 399 ரூபா டாப்ஸைக் கையில எடுத்தாலே இதைத் தச்சவங்களுக்கு இதுல என்ன கிடைச்சிருக்கும்னு தோணுது, எடுக்கவும் முடியல வைக்கவும் முடியல.

ஆன்லைன்ல சஸ்டெயினபிள், எத்திக்கல், ஆர்கானிக்னு போட்டு விக்கிறதையும் பாத்தேன், ஒரு குர்த்தியே 3,000, 4,000ங்குறாங்க, நாப்பது பேருக்கு அது நடக்குற காரியமில்ல. ஆனா நாங்க இருக்குறது கூறைநாட்டுக்குப் பக்கத்துத் தெரு, அந்தப் பக்கம் திருபுவனம் இருக்கு, அய்யம்பேட்டை இருக்கு, தறி போடுற ஊருக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு நல்ல துணிக்கு நெட்ல தேடுறது எனக்கே சரியாப் படல. அதனால கேக்குறேன், கடையில கைத்தறின்னு சொல்றதை எப்படி நம்புறது, அந்த நாப்பது பேருக்கு என்ன எடுக்கலாம், பாட்டியோட கூறைப்புடவை ஒண்ணு மடிப்புல இழை விட்டுப்போய் பீரோவுல கிடக்கு அதை என்ன பண்ணலாம், வீட்டுல ரெண்டு பீரோ நிறைய இருக்குற பழைய துணியை யாருக்குக் குடுக்கலாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


தறிவீட்டுப்பையன்

வணக்கம் தங்கச்சி, நான் திருபுவனம், எங்க வீட்டுல இன்னும் தறி ஓடுது, அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ரெண்டு முத்திரையைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. சில்க் மார்க்னு ஒண்ணு இருக்கு, 2004ல வந்தது, சென்ட்ரல் சில்க் போர்டு ஏற்பாடு. அது நூல் அசல் பட்டுன்னு மட்டும்தான் சொல்லும், கையில நெஞ்சதா பவர்லூம்ல ஓட்டினதான்னு சொல்லாது. கடையில அந்தச் சீட்டைக் காட்டி "அசல் கைத்தறிம்மா"ன்னு சொன்னா நம்பிட்டு வந்துராதீங்க. கையில நெஞ்சதுக்கு ஹேண்ட்லூம் மார்க் தனியா இருக்கு, அது 2006லேருந்து. திருபுவனம் பட்டுக்கு 2019ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. எங்க ஊர் புடவையை விசிறி மடிப்புல மடிச்சுத்தான் குடுப்போம், ஆனா மடிப்பை யாரு வேணா மடிக்கலாம், அதை மட்டும் பாத்து எடுக்கக் கூடாது.

1985லயே கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கி மத்திய அரசு சட்டம் போட்டுச்சு, இப்ப அதுல 11 ரகம் இருக்கு, கரை டிசைன் வச்ச பருத்திப் புடவை, பட்டுப்புடவை எல்லாம் அதுல வரும். அதைப் பவர்லூம்ல ஓட்டக் கூடாது. சட்டம் இருக்கு, ஆனா அதே டிசைனைப் பவர்லூம்ல ஓட்டிக் கைத்தறி விலைக்கு விக்கிறதும் நடக்குது, அங்கதான் எங்க பொழப்பு அடிபடுது. நாங்க தறிக்குழியில காலை விட்டு உக்காந்து, அம்மா பக்கத்துல தார் சுத்திக் குடுத்து, பாவு, அதாவது நீளவாட்டு நூல், பிணைச்சு, இழை அறுந்தா முடி போட்டு, வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாள்லேருந்து ஒரு மாசம் வரைக்கும் ஒரு புடவைக்கு ஆகும். மெஷின்ல அது எத்தனை சீக்கிரம் வெளிய வரும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டையும் ஒரே கண்ணாடி அலமாரியில அடுக்கி வச்சா வாங்குறவங்களுக்கு எப்படித் தெரியும்.

கண்ணால பாக்கணும்னா புடவையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க, நெசவு எந்த இடத்துலயும் இம்மி பிசகாம ஒரே மாதிரி இருந்தா சந்தேகப்படலாம், கையால அடிச்ச ஊடையில, அதாவது குறுக்கு நூல்ல, அங்கங்க லேசா நெருக்கமும் தளர்வும் இருக்கும். ஆனா அதுக்கும் பழகின கண்ணு வேணும். அதைவிட சுலபமான வழி, வாயைத் தொறந்து கேளுங்க. இது எந்த ஊர் தறி, எந்த நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி சரக்கு, ஜரிகை அசல் வெள்ளி ஜரிகையா இல்ல அதுக்கு மாத்தா வர்ற டெஸ்டட் ஜரிகையா, பில்லுல கைத்தறின்னு எழுதித் தருவீங்களா. பில்லுல எழுத மாட்டேன்னு சொன்னா அங்கேயே விஷயம் முடிஞ்சுது, எந்திரிச்சு வந்துருங்க.

இன்னொண்ணும் மனசுல வச்சுக்கங்க. பட்டு நூல் கர்நாடகாவுலேருந்து வருது, ஜரிகை சூரத்துலேருந்து வருது, ரெண்டும் விலை ஏறுனா கடைக்காரங்க புடவை விலையை ஏத்திக்குவாங்க, தறியில உக்காந்தவன் கூலி அந்த வேகத்துல ஏறாது. 2019-20ல மத்திய அரசு எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புல நெசவாளர் குடும்பங்கள்ல மூணுல ரெண்டு பங்கு மாசம் 5,000 ரூபாய்க்குக் கீழதான் சம்பாதிக்குதுன்னு வந்திருக்கு, நாடு முழுக்க எடுத்த கணக்கு அது. இருபதாயிரம் முப்பதாயிரம் குடுத்துப் புடவை எடுக்குறவங்க அந்தக் காசு நெசவாளி வீட்டுக்குத்தான் போகுதுன்னு நினைச்சுக்குறாங்க. அதனாலதான் சொசைட்டியில எடுங்கன்னு சொல்றேன், அங்க கூலி நிர்ணயம் பண்ணித் தர்றாங்க, நெசவாளி உறுப்பினரா இருக்கான், சேமிப்புப் பிடித்தம், போனஸ்னு ஏதோ இருக்கு. குறையில்லாத சொசைட்டின்னு எதுவும் இல்ல, ஆனா வெளியில முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டு அந்தக் கடன் தீராம ஆயுசு பூரா அவருக்கே நெய்யுறதுக்கு இது எவ்வளவோ மேல்.


காவேரிக்கரை

அம்மாடி, நான் திருக்காட்டுப்பள்ளி பக்கம், குறுவை சம்பா ரெண்டும் வைக்கிறவன். ஜவுளிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்கலாம், சம்பந்தம் ஆத்துத் தண்ணியில இருக்கு.

மேட்டூர் ஜூன் 12 திறக்குறாங்களா இல்லையாங்குறதுதான் நம்ம பக்கம் எப்பவும் பேச்சு. வர்ற தண்ணியில என்ன கலந்து வருதுன்னு பேசுறவங்க கொஞ்சம் பேருதான். நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியா வந்து கரூர் மாவட்டத்துல காவேரியில சேருது. திருப்பூர்ல பனியன் கம்பெனி பெருகப் பெருக சாயப்பட்டறையும் பெருகி, கழிவு அப்படியே ஆத்துல போச்சு. பாசனத்துக்குன்னு ஒரத்துப்பாளையத்துல 1992ல ஒரு அணை கட்டினாங்க, அது கடைசியில சாயத்தண்ணி தேங்குறதுக்குத்தான் ஆச்சு. பாசனத்துக்குக் கட்டின அணையை, தண்ணி விடாதீங்கய்யான்னு அந்த விவசாயிங்களே கையெடுத்துக் கும்பிட்டாங்க. உப்பு ஏறி தென்னை காஞ்சுது, கெணறு கெட்டுது, மாடு அந்தத் தண்ணியில வாய் வைக்காது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிங்க விடாம கேஸ் நடத்தித்தான் 2011 ஜனவரியில சென்னை ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிச்சுத் திரும்ப உபயோகிச்சாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. ஒரு பக்கம் அமராவதியும் இருக்கு, கரூர்ல பெட்ஷீட், திரைச்சீலைக்கு சாயம் போடுற பட்டறைங்க அந்தக் கரையிலதான், அதுவும் திருமுக்கூடலூர்ல வந்து காவேரியில சேருது. அதுக்குக் கீழ இருக்குறது யாரு, திருச்சி, தஞ்சாவூர், உங்க மாயவரம், பூம்புகார் வரைக்கும் நம்மதான்.

சாயத்தண்ணியைச் சுத்தம் பண்றது சும்மா இல்லம்மா. வடிகட்டணும், காய்ச்சி உப்பைப் பிரிக்கணும், அந்த உப்புக் கழிவை எங்க கொண்டு கொட்டுறதுன்னு இன்னும் தீராத தலைவலி. அதுக்கெல்லாம் கரண்டு செலவு, விறகு செலவு. இந்த செலவைச் செய்யுற பட்டறையில சாயம் போட்ட துணியும், ராத்திரியில மழை பேஞ்சா மதகைத் தொறந்து விடுற பட்டறையில சாயம் போட்ட துணியும் ஒரே விலைக்கு வராது. மூணு டீ-ஷர்ட் 500 ரூபான்னு ரோட்டோரம் கூவுறப்ப அதுல யாரோட செலவு விட்டுப்போச்சுன்னு நான் நினைச்சுப் பாப்பேன். விட்டுப்போன செலவு எங்க வாய்க்கால்ல வந்து சேருது.

கைத்தறியிலயும் சாயம் ரசாயனந்தான், அதை மறைக்க வேண்டாம். நம்ம கும்பகோணம் பக்கமும் வீட்டுக்கொல்லையில பட்டு நூலைச் சாயத்துல முக்கிட்டு மிச்சத்தை சாக்கடையில ஊத்துறவங்க உண்டு. அளவு கம்மி, அவ்வளவுதான். தறிவீட்டுத் தம்பி இதுக்கு என்ன சொல்றாருன்னு தெரிஞ்சுக்க ஆசை.


தறிவீட்டுப்பையன்

ஐயா சொல்றது உண்மைதான், மறுக்கல. சொசைட்டியில பொதுச் சாயச்சாலை வச்சு அங்க சுத்திகரிப்பு பண்ணா ஒழுங்கா இருக்கும், தனித்தனியா வீட்டுல போடுறவங்களால அந்த செலவு தாங்க முடியாது. வாங்குறவங்க இதையும் கேக்க ஆரம்பிச்சாத்தான் நிர்வாகத்துல பேச முடியும், நாங்க மட்டும் சொன்னா காதுல விழாது.


ஆரூர்_தேர்

தப்பா நினைக்காதீங்க, இதெல்லாம் பீரோவுல துணி நிறைஞ்சவங்க பேசுற பேச்சு. எங்க அம்மா நடவுக்குப் போறவங்க, பொங்கலுக்கு ரேஷன்ல குடுக்குற புடவையும் தீபாவளிக்கு நாங்க எடுத்துக் குடுக்குற ஒரு பாலியஸ்டர் புடவையும்தான் வருஷத்துக்கு. சேத்துல இறங்குனா கைத்தறிப் புடவை தாங்காது, நனைஞ்சா கனக்கும், காய ரெண்டு நாள் ஆகும். பாலியஸ்டர் உதறிக் கட்டுனா காஞ்சுரும். 250 ரூபாய்க்கு அது கிடைக்கலைன்னா அவங்க என்ன கட்டுவாங்க. எத்திக்கலா வாங்குங்கன்னு சொல்றது இந்த மாதிரி ஆளுங்களைக் குத்தவாளி ஆக்குற மாதிரி இருக்கு, அதான் வருத்தமா இருக்கு.


நாகைக்காரி

ஆரூர் தம்பி, உங்க அம்மாவை யாரும் குத்தம் சொல்லலப்பா. ஒரு புடவையை அஞ்சு வருஷம் கட்டி, கிழிஞ்சா ரெண்டா வெட்டித் தலைப்பை மாத்தித் தச்சு, அப்புறம் திரைக்கு, அப்புறம் கரித்துணிக்குன்னு கடைசி நூல் வரைக்கும் உபயோகிக்கிறவங்க அவங்கதான். இந்தக் கேள்வியெல்லாம் மாசாமாசம் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, ரெண்டு தடவை போட்டுட்டு மூட்டை கட்டுறவங்களுக்குத்தான். பொங்கல் புடவையைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், 1983ல எம்.ஜி.ஆர். ஆரம்பிச்ச திட்டம் அது, நெசவாளர் கையில வேலை இருக்கணும்னு சேத்து யோசிச்சு வந்தது. அதைக் கட்டுறது ஒண்ணும் கொறச்சல் இல்ல.

நான் எழுத வந்தது வேற. நான் பத்தாவது முடிச்சதும் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போனவ, எந்த மில்லுன்னு வேண்டாம். எங்க பக்கம் சுனாமிக்கு அப்புறம், மழை பொய்ச்ச வருஷத்துல எல்லாம் ஏஜென்ட் ஊருக்கு வருவாங்க, மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா கடைசியில கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னு சொல்வாங்க, சுமங்கலித் திட்டம்னு அதுக்குப் பேரு, பேரைக் கேட்டாலே அப்பா அம்மா சரின்னுருவாங்க. உள்ள போனா கேட்டுக்கு வெளிய தனியா போக முடியாது, போன் பேச வாரத்துக்கு ஒரு நேரம், மூக்கு வாய் எல்லாம் பஞ்சு, நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்தா ஆளு வரலைன்னு திரும்ப எழுப்புவாங்க. மூணு வருஷம் முடிக்காம உடம்பு முடியாம வந்தவங்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடையாது, எனக்கும் கிடைக்கல. வெளிநாட்டுலேருந்து ஆடிட் வர்றாங்கன்னா முதல் நாளே சின்னப் பொண்ணுங்களை லீவுல அனுப்பிட்டு, மத்தவங்ககிட்ட என்ன பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுத்துருவாங்க. ராணா பிளாசாவுல இருந்த கம்பெனிகள்லயும் ஆடிட் நடந்துதான் இருந்தது, ஆடிட் பேப்பர் கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கல.

அதனால "எத்திக்கல்"னு அட்டையில போட்டிருக்குறதை வச்சு நான் எதையும் நம்ப மாட்டேன். நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, அங்க வேலை பாக்குறவங்க சங்கம் வைக்க முடியுதா, புகார் சொன்னா வேலை போகாம இருக்குதா. 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒண்ணு ஆச்சு, தேடிப் படிங்க. அங்க ஒரு கார்மென்ட் பேக்டரியில வேலை பாத்த பொண்ணை 2021 ஜனவரியில சூப்பர்வைசரே கொன்னுட்டான், அதுக்கப்புறம் பொம்பளைங்க நடத்துற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாம போராடி, அந்த பேக்டரியை வச்சிருந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியையும், அதுலேருந்து துணி வாங்குற எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். மாதிரி பெரிய கம்பெனிகளையும் கையெழுத்துப் போட வச்சாங்க. பொண்ணுங்ககிட்ட தப்பா நடந்தா விசாரிக்கணும், புகார் குடுத்தவங்களைப் பழிவாங்கக் கூடாது, ஒப்பந்தத்தை மீறினா வாங்குற கம்பெனி ஆர்டரை நிறுத்துற அளவுக்குப் போகலாம்னு அதுல எழுதினாங்க. யாரோ நல்ல மனசு பண்ணிக் குடுத்தது இல்ல இது, சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம்.

அதுக்காகத் திருப்பூர் துணியே வாங்காதீங்கன்னு சொல்லிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன். எங்க ஊர் பொண்ணுங்க நூத்துக்கணக்குல அங்கதான் சம்பாதிச்சு வீட்டுக்கு அனுப்புறாங்க, நானும் இப்ப அங்க ஒரு சின்ன யூனிட்ல டெய்லரா இருக்கேன், பி.எப். பிடிக்கிறாங்க, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேன். ஆர்டர் நின்னா முதல்ல வேலை போறது எங்களுக்குத்தான். வாங்குங்க, ஆனா கேள்வி கேட்டுட்டு வாங்குங்க.

பழைய துணி பத்திக் கேட்டிருந்தீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் ரோட்டோரம் லாரி லாரியா பழைய துணி வந்து கொட்டிக் கிடந்ததை நான் கண்ணால பாத்தவ. கிழிஞ்சது, அழுக்கு, பட்டன் இல்லாதது, மீனவக் குடும்பத்துல யாரும் போடாத மாதிரி துணி, மழையில நனைஞ்சு நாறிப்போச்சு. வீடு வாசலை இழந்து நின்னவங்களுக்கு அதைப் பாக்குறப்ப எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. கூஞ்ச்ங்குற அமைப்பு அந்தத் துணியையெல்லாம் பொறுக்கிப் பிரிச்சு ஒப்பேத்துனாங்க. 2018ல கஜா புயல் வந்தப்பவும் வேதாரண்யம் பக்கம் அதே மாதிரி மூட்டைங்க வந்துச்சு. அதனால குடுக்குறதா இருந்தா துவைச்சு, காய வச்சு, பட்டன் தச்சு, நம்ம தங்கச்சிக்குக் குடுப்பமான்னு பாத்துக் குடுங்க. மத்த பருத்தித் துணியை வீட்டுலயே வச்சுக்கங்க, நாளைக்கு அக்காவுக்குக் கொழந்தை பொறந்தா பழைய வேட்டி மாதிரி மெத்துனு எதுவும் கிடைக்காது.


குடந்தை_மெர்ச்சண்டைசர்

நாகைக்காரி அக்கா எழுதுனதைப் படிச்சு ரொம்ப நேரம் பேச்சே வரல. நானும் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கேன், சொந்த ஊரு கும்பகோணம். ஆன்லைன் பிராண்டு பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

ஆர்கானிக்னு சும்மா எழுதியிருந்தா அதுக்கு மதிப்பு கிடையாது, கோட்ஸ் (GOTS)ங்குற ஆர்கானிக் துணிக்கான சர்டிபிகேட் இருக்கா, அதுல லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, அவங்க சைட்லயே அந்த நம்பரைப் போட்டுத் தேடலாம். அதுலயும் ரெண்டு தரம், ஆர்கானிக்னு போடணும்னா 95 சதவீதம் இருக்கணும், "ஆர்கானிக் நூல் கலந்தது"ங்குற தரத்துக்கு 70 சதவீதம் போதும். அதுவும் முழுசா நம்பிட முடியாது, 2020ல இந்திய ஆர்கானிக் பருத்தியில போலி சர்டிபிகேட் புழங்கினதை கோட்ஸ்காரங்களே கண்டுபிடிச்சு 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டாங்க. "கான்ஷியஸ்", "ஈகோ"ன்னு பச்சை இலை படம் போடுறதுக்கெல்லாம் எந்த வரைமுறையும் இல்லாம இருந்தது, நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் 2022ல எச் அண்ட் எம், டெகாத்லான் ரெண்டையும் கூப்பிட்டு விசாரிச்சு, தெளிவில்லாத அந்த வாசகங்களை எடுக்க வச்சாங்க. ரீசைக்கிள்ட் பாலியஸ்டர்ங்குறதும் பெரும்பாலும் தண்ணி பாட்டிலை உருக்கிச் செஞ்சது, பழைய துணியைத் திரும்பத் துணியாக்குனது இல்ல, துவைக்கிறப்ப பிளாஸ்டிக் இழை உதிர்றது அதுலயும் உண்டு.

அதே 3,000 ரூபாயை கோ-ஆப்டெக்ஸ்ல கொண்டு போனா நல்ல காட்டன் புடவை ரெண்டு வரும். 1935லேருந்து இருக்குற நெசவாளர் கூட்டுறவு சங்கம், தீபாவளி நேரத்துல 30 சதவீதம் தள்ளுபடி குடுப்பாங்க, சில புடவைகள்ல நெய்தவங்க போட்டோ, பேரு போட்ட அட்டை கூட இருக்கும். நம்ம பக்கம் ஆளுங்க என்னமோ கோ-ஆப்டெக்ஸ்னா பாட்டிங்க போற கடைன்னு ஒதுக்கிட்டாங்க, ஒரு தடவை உள்ள போயிப் பாருங்க.


ஜீவகாருண்யம்

ஒரே ஒரு விஷயம். பட்டுன்னாலே புழு உள்ள இருக்குறப்பவே கூட்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் நூல் எடுக்குறாங்க. யார் வயித்துலயும் அடிக்காத துணின்னு கேட்டீங்க, அந்தப் புழுவையும் நினைச்சுப் பாருங்க. புழு வெளிய பறந்த பிறகு நூல் எடுக்குற அகிம்சைப் பட்டும் கிடைக்குது, பளபளப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும். இல்லன்னா உங்க ஊர் கூறைப்புடவையே பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டதுதானே, அதுல பட்டு குறையும்.


மன்னை_தையல்

தங்கச்சி, மன்னார்குடியில தையக்கடை வச்சிருக்கேன், எங்கப்பா காலத்துக் கடை. நாப்பது பேர் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா மத்தவங்க அதை விட்டுட்டாங்க.

கல்யாணத்துல வச்சுக் குடுக்குற புடவை, ஜாக்கெட் பிட்டு எங்க போகுதுன்னு எனக்குத்தான் தெரியும், ஏன்னா தைக்கவே வராது. ஒரு வீட்டுல வாங்குனதை அடுத்த வீட்டு விசேஷத்துல குடுப்பாங்க, அங்கேருந்து வளைகாப்புக்குப் போகும், கவர் கூடப் பிரிக்காம பல வருஷம் சுத்தும். குடுக்குறவங்களுக்கும் செலவு, வாங்குறவங்களுக்கும் சந்தோஷம் இல்ல, அதை நெஞ்சதும் சாயம் போட்டதும் எல்லாம் வீணாத்தானே போச்சு. அதனால நாப்பது பேருக்கும் ஒரே மாதிரி 600 ரூபா புடவைன்னு மொத்தமா வாங்காதீங்க. நெருங்கின சொந்தம் பத்துப் பேருக்கு அவங்களையே கலர் கேட்டு நல்ல காட்டன் புடவை எடுங்க. மத்தவங்களுக்குக் கைத்தறித் துண்டு, நாலு முழ வேட்டி, போர்வை, இந்த மாதிரி தினம் கைபடுற சாமானா சொசைட்டியிலேருந்து எடுங்க. துண்டு குடுத்தா மரியாதைக் குறைச்சல்னு பெரியவங்க சொல்வாங்க, நல்ல கனமான துண்டா ரெண்டு வச்சு, தட்டுல பழத்தோட குடுத்தா யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க சின்ன மக கல்யாணத்துல அப்படித்தான் செஞ்சோம், இன்னைக்கும் அந்தத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் எங்க சம்பந்தி கடைக்கு வர்றார்.

பாட்டி கூறைப்புடவையை வெட்டிடாதீங்க, மொதல்ல அதைச் சொல்லிடுறேன். நிறைய பேர் பழைய பட்டை வெட்டி குஷன் கவர், சுடிதார்னு கொண்டு வர்றாங்க, மடிப்புல இத்துப்போன துணி மெஷின்ல ஊசி பட்டதும் கோடு கோடா பிரியும், நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவேன். விட்டுப்போன இடத்துக்குப் பின்னாடி மெல்லிசா பருத்தித் துணி வச்சுக் கையால டார்னிங் போடச் சொல்லுங்க, கும்பகோணத்துல இன்னும் அந்த வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க. கல்யாணத்தன்னைக்கு அக்கா அதை முழுசா கட்டலைன்னாலும் நலங்குக்குத் தோள்ல போடலாம். இனிமே ஹேங்கர்ல தொங்க விடாதீங்க, பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வச்சு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க, அந்துருண்டை ஜரிகையில படக் கூடாது.

தைக்கக் குடுக்குறப்ப இன்னொண்ணு. ரெடிமேடுல உள்பக்கம் துணியே விட மாட்டாங்க, உடம்பு ஒரு சுத்து கூடினா பிளவுஸ் குப்பைக்குத்தான். உங்க டெய்லர்கிட்ட உள்ள ஒண்ணரை இஞ்சு விட்டுத் தைக்கச் சொல்லுங்க. அந்தக் காலத்துல பட்டுப் பாவாடைக்கு நாலு டக் பிடிச்சுத் தைப்போம், பொண்ணு வளர வளர ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டா ஆறு வருஷம் ஓடும். இப்ப யாரும் கேக்குறதும் இல்ல, தைக்கிறவங்களுக்கு அந்தக் கூலியைக் குடுக்குறதும் இல்ல.


திருப்பனந்தாள்_வாசி

பந்தலுக்கும் யோசிங்க. மேடைக்குப் பின்னாடி பளபளன்னு பாலியஸ்டர் துணி கட்டுவாங்க, சீக்கிரமே நூலாப் போயிரும். எங்க பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில கலம்காரி போடுறவங்க இருக்காங்க, தொம்பை (தொங்க விடுற உருளைத் துணி), தோரணம் எல்லாம் இயற்கைச் சாயத்துல பருத்தியில கையால வரையுறது, கோயில் தேருக்குப் போடுற வேலை. இதுக்குக் கருப்பூர் கலம்காரிங்குற பேர்ல 2021ல புவிசார் குறியீடும் குடுத்தாங்க. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா ஒரு தோரணம் வாங்கினா உங்க தெருவுல எல்லா வீட்டு விசேஷத்துக்கும் கட்டலாம்.


மாயவரம்_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நாகைக்காரி அக்காவுக்குத் தனியா. உங்க பதிலை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், அம்மா எதுவும் சொல்லல, அப்புறம் அப்பாகிட்ட அவங்களே போயிப் பேசிட்டாங்க. வேன் பயணம் கேன்சல். முகூர்த்தப் புடவை திருபுவனம் சொசைட்டியில எடுக்குறோம், கூறைப்புடவை கூறைநாட்டுல இன்னும் நெய்யுற வீட்டுல நேர்ல கேட்டு எடுக்கலாம்னு மாப்பிள்ளை வீட்டுலயும் ஒத்துக்கிட்டாங்க. நாப்பது பேர்ல பன்னெண்டு பேருக்குப் புடவை, மத்தவங்களுக்குத் துண்டும் வேட்டியும். பெரியம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க, அவங்களையே துண்டு எடுக்கக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். அகிம்சைப் பட்டுக்கு அக்கா சம்மதிக்கல, அது அவ இஷ்டம்னு விட்டுட்டேன். ரிசப்ஷன் டிரெஸ் இன்னும் முடிவாகல, அவளுக்கு லெஹங்காதான் வேணுமாம், ஒரு நாளுக்கு மேல போட மாட்டா, அதனால வாடகைக்கு எடுக்கலாமான்னு பேசிட்டு இருக்கோம்.

தறிவீட்டு அண்ணா, ஒரு சந்தேகம். அக்கா கேக்குற கலர் கடையில இல்லன்னா தறியில சொல்லி நெய்ய முடியுமா, இப்ப சொன்னா தைக்குள்ள கிடைக்குமா?


தறிவீட்டுப்பையன்

கிடைக்கும், ஆனா இப்பவே சொல்லிடுங்க. தறியில ஏறியிருக்குற பாவு முடிஞ்சாத்தான் உங்க கலர் பாவை ஏத்த முடியும், நூலுக்குச் சாயம் போட்டு வரவும் நாள் ஆகும், நடுவுல ஐப்பசி அடைமழை வந்தா தறிக்குழியில ஈரம் ஏறி வேலை நிக்கும், அதை யாராலயும் அவசரப்படுத்த முடியாது. ஒரு பாவுல ஒண்ணுக்கு மேல புடவை வரும்ங்கிறதால, அதே உடம்புக் கலர்ல வீட்டுல வேற யாருக்காவது வேணும்னா சேத்துச் சொன்னீங்கன்னா நெசவாளிக்கும் வசதி. போன்ல போட்டோ அனுப்பிக் கலர் சொல்லாதீங்க, அதுல கலர் மாறித் தெரியும். அந்தக் கலர்ல ஒரு துண்டுத் துணியோ பழைய ஜாக்கெட்டோ கையில எடுத்துட்டு வாங்க, காலையில வெளிச்சத்துல வச்சுப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்.